கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்: 1963 ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தெற்குக் கலிபோர்னியாவில் நான் வேலை பார்க்கும் கிட்டார் பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்த ஒரு கிட்டாரைப் பற்றி எழுதுகிறேன். அதே மாதிரி கிட்டாரை வீட்டில் வைத்துக்கொண்டு விற்பதா, பழைய நிலைக்குக் கொண்டுவருவதா, அப்படியே வாசிப்பதா என்று குழம்புகிற குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு உதவும் என்றுதான் முதலிலிருந்து கடைசி வரை எழுதி வைக்கிறேன். பெயர்கள் வேண்டாம் என்று அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டது.

கொண்டு வந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், கூடவே முப்பதுகளில் இருக்கும் மகன். பெரியவர் இளமையில் கல்யாண வரவேற்புகளிலும் பார்களிலும் வாசித்த ஒரு குழுவில் இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் அடகுக் கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய, ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார் அது. அப்போது அது வெறும் பழைய கிட்டார். குழுவில் எல்லோரும் கறுப்பு உடை போடுவது வழக்கம் என்பதால், நண்பர் ஒருவரின் கார் பெயிண்ட் கடையில் கொடுத்து அதற்கும் கறுப்பு அடித்துவிட்டார்கள்.

பெரியவரும் மனைவியும் சின்ன வீட்டுக்கு மாறப் போகிறார்கள், பணம் தேவை, அதனால் விற்க வேண்டும். மகனுக்கு விற்பதில் இஷ்டமில்லை. அவர் சிறு வயதிலிருந்து கற்றுக்கொண்டதே அந்தக் கிட்டாரில்தான். அவர்கள் வருவதற்கு முன்பே ஒரு சேகரிப்பாளர் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொல்லியிருந்தார்: கறுப்பைச் சுரண்டி எடுத்து, அடியில் 1963ஆம் ஆண்டின் அசல் நிறம் வெளியே வந்தால் நல்ல விலை தருவேன், கறுப்போடு என்றால் வேண்டாம். அந்தச் சுரண்டும் வேலைக்குத்தான் எங்களிடம் வந்தார்கள்.

இந்த ஆண்டுகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு

ஃபெண்டர் கம்பெனி தொடங்கியது எங்கள் பக்கத்து ஊரான ஃபுல்லர்டனில். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது 1954இல். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்குப் பிறகு உற்பத்தி பெருகியது, செலவைக் குறைக்கும் மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 60களின் கடைசியிலேயே வாசிப்பவர்கள் பழையதைத் தேடி அடகுக் கடைகளை அலச ஆரம்பித்துவிட்டார்கள். 'சிபிஎஸ்ஸுக்கு முந்தையது' என்ற பேச்சு இன்று வரை விலையை நிர்ணயிக்கிற ஒன்றாக இருக்கிறது.

ஃபெண்டரின் போட்டிக் கம்பெனியான கிப்சன் பக்கம் கதை வேறு. 1958 முதல் 1960 வரை செய்த, சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் இருளும் நிறம்) அடித்த லெஸ் பால் கிட்டார்கள் மொத்தமே இரண்டாயிரத்துக்கும் குறைவு. சரியாக விற்கவில்லை என்று அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டார்கள். 1966இல் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஜான் மேயாலின் குழுவில் அதே வகைக் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் போட்டு எழுப்பிய சத்தம் இளைஞர்களைக் கட்டிப்போட, கேட்டவர்களெல்லாம் அதே கிட்டாரைத் தேடினார்கள், கடையிலோ கிடைக்கவில்லை. 1968இல் கிப்சன் லெஸ் பாலைத் திரும்பக் கொண்டுவந்தது. ஜார்ஜ் குருன் நாஷ்வில்லில் பழைய கிட்டார்களுக்கென்றே கடை திறந்தது 1970இல். கடைசியில் ஃபெண்டர் கம்பெனியே 1982இல் தன் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் மறுபதிப்பை விற்கத் தொடங்கியது.

இந்த ஈர்ப்பில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன என்பது என் எண்ணம். சேகரிப்பாளருக்கு வேண்டியது யாரும் கை வைக்காத சான்று: தொழிற்சாலையில் போட்ட சால்டர், அடித்த லாக்கர், ஓட்டிய திருகு. வாசிப்பவருக்கு வேண்டியது கைக்குப் பழகிய கழுத்தும் அதன் குரலும். ஒரே கிட்டாரில் இரண்டும் இருக்கலாம், ஆனால் ஒன்றுக்காகச் செய்கிற வேலை மற்றொன்றைக் கெடுக்கும். இந்தக் குடும்பத்தின் சிக்கல் மொத்தமும் அங்கேதான் இருந்தது.

பார்த்தது

முதல் நாள் எதையும் தொடாமல் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்தோம். பிறகு கழுத்தைக் கழற்றினோம். நான்கு திருகுதான், ஆனால் அறுபது வருடத்துத் திருகு என்பதால் சரியான முனையுள்ள ஸ்க்ரூடிரைவரை வைத்து மெதுவாகத் திருக வேண்டும், தலை சிதைந்தால் அதுவும் விலையைத் தின்னும். கழுத்தின் அடியில் மையில் குத்திய முத்திரை தெளிவாக இருந்தது: '2 ஜூன் 63 பி'. முதல் எண் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கான குறி, அடுத்தது மாதமும் ஆண்டும், கடைசி எழுத்து கழுத்தின் அகலம். கழுத்து உட்காரும் பள்ளத்தில் அசல் மஞ்சள் சாயம் அப்படியே இருந்தது, நடுவில் பெயிண்ட் படாத ஒரு பட்டை. பெயிண்ட் அடிக்கும்போது உடம்பைப் பிடித்துக்கொள்ள அந்தப் பள்ளத்தில் ஒரு குச்சியை அறைவார்கள், அந்தக் குச்சியின் நிழல் அது. 1963 கிட்டாரில் எதிர்பார்க்கிற அடையாளம்தான். கார் கடைக்காரர் கழுத்தைக் கழற்றாமல் மறைத்துவிட்டு அடித்திருக்கிறார், அதனால்தான் பிழைத்திருக்கிறது.

உடம்பின் முகப்பை மூடும் தகடான பிக்கார்டைத் தூக்கினோம். பச்சை கலந்த வெள்ளையில் செல்லுலாய்டு, பதினோரு திருகு. காலப்போக்கில் சுருங்கி ஒரு திருகு ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது, இந்த வகையில் அது சகஜம். அடியில் அலுமினியத் தகடு இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 'பாட்' (பொட்டென்ஷியோமீட்டர்) என்ற பாகத்தின் முதுகில் குறியீடு 304இல் தொடங்கியது, அதாவது அதைச் செய்தது ஸ்டாக்போல் கம்பெனி. அடுத்த எண்கள் 1963ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரம் என்றன. கழுத்து முத்திரையோடு இது பொருந்துகிறது, பாட் முதலில் செய்யப்பட்டுக் கிட்டங்கியில் சில வாரம் இருந்திருக்கும். துணி சுற்றிய வயர்கள், சால்டர் புள்ளிகள் எல்லாம் மங்கலாக, ஒரே கையால் வைத்தது போல இருந்தன.

உடம்பின் முகப்பில் பழைய ஆணித்துளைகள் இருந்தன. உடம்பைத் தூக்கி நிறுத்த அந்தக் காலத்தில் சின்ன ஆணிகளை அறைந்துவிட்டுத்தான் நிறம் அடிப்பார்கள், பிறகு பிடுங்குவார்கள். ஆகவே அசல் பெயிண்ட் துளைக்குள் இறங்கியிருக்காது, உள்ளே வெறும் மரம் தெரியும். இங்கே துளைக்குள்ளும் கறுப்பு வழிந்திருந்தது. மறுபெயிண்டைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான இடம் எனக்குத் தெரியாது. புற ஊதா விளக்கைப் பிடித்தபோது தலைப்பகுதியின் முகப்பு மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது, பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அப்படித்தான் ஒளிரும். உடம்பு இருட்டாகவே நின்றது.

அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியக் கேள்வி. கண்ணுக்குப் படாத இரண்டு இடங்களில் மட்டும், நகத்தளவுக்கு, ரேஸர் பிளேடால் கறுப்பை விலக்கிப் பார்த்தோம். பிக்கார்டு மறைக்கிற ஓரத்தில் சன்பர்ஸ்ட்டின் சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று இருந்தன, பார்த்ததும் மகன் கத்தியேவிட்டார். ஆனால் கீழ்ப்பக்க விளிம்பில், தோள்பட்டை மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், கறுப்புக்கு அடியில் சாம்பல் நிற ப்ரைமர், அதற்கு அடியில் நேராக ஆல்டர் மரம். கார் கடைக்காரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்: பெயிண்ட் பிடிக்க வேண்டும் என்று முதலில் முரட்டு உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். வளைவான இடங்களில் சன்பர்ஸ்ட் மொத்தமாகப் போய்விட்டது.

மின்பக்கத்தில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்கள் மூன்று: கழுத்துப் பிக்கப் 5.8 கிலோ ஓம், நடுப் பிக்கப் 5.9, இரண்டும் ஆரோக்கியம். பிரிட்ஜ் பிக்கப் எதுவும் காட்டவில்லை, கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. ஃபிரெட்கள், அதாவது விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், 80களில் ஒரு தடவை மாற்றப்பட்டு, முதல் ஐந்தில் வாசிக்கும் கம்பி தேய்த்த பள்ளம் நன்றாகத் தெரிந்தது.

ஒரு சின்னச் சோதனை

மகனின் பேச்சில் அடிக்கடி வந்தது 'அந்தச் சத்தம் வேறு எதிலும் வராது' என்பது. விற்பதா வேண்டாமா என்ற முடிவே இதில் தொங்கியதால், பிரிப்பதற்கு முன் பட்டறையில் இருந்த, 1962 மாதிரியின் மறுபதிப்பு ஒன்றையும் இதையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாற்றி மாற்றி மகனை வாசிக்கச் சொன்னோம். பிரிட்ஜ் பிக்கப் வேலை செய்யாததால் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் மட்டும். பெரியவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டார். எது எது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, எங்களாலும் முடியவில்லை. ஆனால் மகன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பிடித்த நொடியிலேயே ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார். விரல்பலகையின் ஓரங்கள் பல ஆண்டு வாசிப்பில் உருண்டு மழுங்கியிருக்கின்றன, பின்பக்க லாக்கர் தேய்ந்து மரமே கைக்குப் படுகிறது. அவருக்கு அது பழைய செருப்பு மாதிரி.

பழைய காந்தம், காய்ந்த மரம் என்று நிறையப் பேச்சு உண்டு. ஒரே ஆண்டில் செய்த இரண்டு பழைய கிட்டார்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம், பல நேரம் பழசுக்கும் புதுசுக்கும் உள்ளதைவிடப் பெரிது என்பதுதான் என் பெஞ்சில் நான் பார்த்தது. அந்தக் காலத்துப் பிக்கப்பைக் கையால் கம்பியை வழிநடத்திச் சுற்றினார்கள், சுற்று எண்ணிக்கை ஒன்றுக்கொன்று மாறும். கழுத்தின் பிடிமானம் மட்டும் கற்பனை இல்லை, அதைக் கையால் காட்டலாம்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

கறுப்பைச் சுரண்டுவதில்லை என்பது முதல் முடிவு. பெரியவருக்கு இது ஏமாற்றம்தான். அடித்திருப்பது கார்களுக்கான லாக்கர். அதைக் கரைக்கிற திரவம் அடியில் இருக்கிற நைட்ரோ லாக்கரையும் கரைத்துவிடும். அதனால் திரவம் ஆகாது, பிளேடால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எடுக்க வேண்டும். அத்தனை கூலி கொடுத்த பிறகு கிடைப்பது திட்டுத்திட்டான சன்பர்ஸ்ட், விளிம்பெல்லாம் வெறும் மரம். அங்கே புது நிறம் சேர்த்துச் சரிக்கட்டினால் அது மறுபடியும் மறுபெயிண்ட். அசல் பெயிண்டோடு இருக்கும் 1963 ஸ்ட்ராட்டோகாஸ்டர் 20,000 டாலரைத் தாண்டிப் போகும், மறுபெயிண்ட் என்றால் சந்தையில் பொதுவாகப் பாதியாகிவிடும். சுரண்டினாலும் அந்தப் பாதியைத் தாண்டாது. சுரண்டிய பின் கறுப்பும் போய்விடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை.

சேகரிப்பாளரிடம் புகைப்படங்களோடு இதைச் சொன்னோம். அவர் மரியாதையாக விலகிக்கொண்டார். அவர் கேட்டது நியாயமில்லாதது என்று நான் நினைக்கவில்லை, அவர் தேடுவது 1963இல் இருந்தபடியே உள்ள ஒரு கிட்டார், இது 1963லும் 1973லும் சேர்ந்து உருவான ஒன்று. பெரியவருக்கு ஒரு தகவல் சொன்னேன், அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது: பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 1970இல் நியூயார்க்கில் மேனிஸ் கடையில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டும் சன்பர்ஸ்ட் மேல் கறுப்பு அடித்ததுதான். அதில் கழுத்து, பிக்கப், ட்ரெமலோ எல்லாம் பல தடவை மாறியிருக்கின்றன. 2019இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 39.75 லட்சம் டாலருக்குப் போனது. அந்த விலை கில்மோரின் கைக்கு, கிட்டாருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். வீட்டில் இருக்கிற கறுப்புக் கிட்டாருக்கு அது விலையை ஏற்றாது, ஆனால் கறுப்பு அடித்ததைக் குற்றமாக நினைத்து அவர் தலைகுனிய வேண்டியதில்லை.

இரண்டாவது முடிவு பிரிட்ஜ் பிக்கப். பல பட்டறைகளில் இதற்கு உடனே புதுக் கம்பி சுற்றிவிடுவார்கள், மறுநாளே வேலை முடிந்துவிடும். ஆனால் 1963இல் சுற்றிய அந்தக் கம்பி, தலைமுடியைவிட மெல்லியது, எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில், வெட்டியெறிந்தால் போனது போனதுதான். எனவே முதலில் உறையைக் கழற்றி நுண்ணோக்கியில் பார்த்தோம். கறுப்பு லாக்கர் பூசிய ஃபைபர் அடித்தகட்டில் கம்பியின் முனைகள் வந்து சேரும் சின்ன பித்தளை வளையங்கள் இருக்கும். அதில் வெளிச்சுற்று முடியும் வளையத்தைச் சுற்றி வியர்வை படிந்து பச்சை பூத்திருந்தது, கம்பி சரியாக அந்த விளிம்பில் அறுந்திருந்தது. உள்ளே எதுவும் ஆகவில்லை.

வெளிச்சுற்றில் ஒரே ஒரு சுற்றை மட்டும் அவிழ்த்து, முனையில் உள்ள காப்புப் பூச்சை மிக நைசான உப்புத்தாளால் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருவி எடுத்தோம். இந்தக் காலத்துக் கம்பிகளில் பூச்சு சால்டர் சூட்டிலேயே உருகிவிடும். இந்தப் பழைய கம்பியில் உள்ள ஃபார்ம்வார் பூச்சு அப்படி உருகாது, சுரண்டாமல் சால்டர் பிடிக்காது, இது தெரியாமல் சூடு காட்டிக்கொண்டே இருந்து கம்பியைக் கெடுத்தவர்கள் உண்டு. வளையத்தைச் சுத்தம் செய்து ஒட்டினோம். மல்டிமீட்டர் 6.0 கிலோ ஓம் காட்டியது. அசல் கம்பி, அசல் காந்தம், ஒரே ஒரு புதுச் சால்டர் புள்ளி. அதையும், இந்தக் கிட்டாரில் பார்த்ததையும் செய்ததையும் குறித்து வைத்த பதிவேட்டில் எழுதினோம்.

மூன்றாவது ஃபிரெட். இங்கேதான் மகனோடு நீண்ட பேச்சு நடந்தது. கம்பியை இழுத்து வளைத்து வாசிக்கும்போது மேல் ஃபிரெட்களில் சத்தம் செத்துவிடுகிறது, விரல்பலகையின் வளைவைத் தட்டையாக்கி அகலமான ஃபிரெட் போட்டுக் கொடுங்கள் என்றார். வாசிப்பவர் கேட்பது சரிதான், பழைய 7.25 அங்குல ஆர வளைவில் அந்தத் தொல்லை உண்டு. ஆனால் 1962க்குப் பிந்தைய ஃபெண்டர்களில் ரோஸ்வுட் ஒரு மெல்லிய வளைந்த ஏடாகத்தான் மேப்பிள் மேல் ஒட்டியிருக்கும். இது ஏற்கெனவே ஒரு தடவை தேய்க்கப்பட்டது. இன்னும் தட்டையாக்கினால் நடுவில் ஏடு தாள் மாதிரி ஆகிவிடும், இடம் காட்டும் களிமண் நிறப் புள்ளிகளும் போகும். எனவே வளைவைத் தொடாமல், பழைய அளவுக்கு நெருங்கிய ஃபிரெட் மட்டும் மாற்றி, கம்பியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தோம். முழு அளவில் இல்லாவிட்டாலும் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. ஃபிரெட் மாற்றுவதைச் சேகரிப்பாளர்களும் மன்னிப்பார்கள், டயர் தேய்மானத்தைப் போல. விரல்பலகையை இழைப்பதை மன்னிக்க மாட்டார்கள்.

விற்பனை

பதிவேட்டை வைத்துப் பெரியவர் விளம்பரம் செய்தார். மறுபெயிண்ட், புது ஃபிரெட், சரிசெய்த பிக்கப், அத்தனையும் முதல் பத்தியிலேயே. நல்ல விலை சொன்னது ஜெர்மனியில் இருந்த ஒரு வாசிப்பவர். அங்கேதான் யாரும் எதிர்பார்க்காத முட்டுக்கட்டை வந்தது.

அந்த ஆண்டுகளின் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992இல், அருகி வரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், அந்த மரம் சேர்க்கப்பட்டது. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் போட்டபோது உலகம் முழுக்க கிட்டார்க்காரர்கள் திண்டாடினார்கள். 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் அந்த விலக்கால் பயன்பெற்றது. பிரேசில் மரத்துக்கு மட்டும் விலக்கு கிடையாது. அமெரிக்காவிலிருந்து அனுப்ப, ஒப்பந்தத்துக்கு முன்பே செய்த பொருள் என்ற சான்றிதழை மீன் வனவிலங்குத் துறையிடம் வாங்க வேண்டும், ஐரோப்பியப் பக்கத்தில் தனி இறக்குமதி அனுமதி. கழுத்து முத்திரையின் படம் ஆதாரமாக நிற்கும், சான்றிதழ் கிடைத்துவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். விரல்பலகை மரத்தின் பெயரை எழுதாமல் அனுப்பிவிடலாமே என்று யாரோ பெரியவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அது சட்டமீறல், சுங்கத்தில் பிடித்தால் கிட்டாரே பறிமுதலாகும் என்று தெளிவாகச் சொன்னோம். வீடு மாறும் தேதி நெருங்கியதால் பெரியவரால் காத்திருக்க முடியவில்லை.

கடைசியில் நாட்டுக்குள்ளேயே, ஸ்டூடியோவில் வாசிக்கும் ஒரு பெண்மணி வாங்கினார். ஜெர்மனி விலையைவிடக் குறைவு, சேகரிப்பாளர் முதலில் ஆசை காட்டிய தொகையைவிட ரொம்பவே குறைவு. ஆனால் அவர் நேரில் வந்து, கழுத்தைப் பிடித்துப் பார்த்து, பிக்கார்டைக் கழற்றச் சொல்லி ஆணித்துளையைத் தானே பார்த்து, பதிவேட்டை வரிவரியாகப் படித்துவிட்டுப் பேரமே பேசாமல் வாங்கினார். கறுப்பை எடுக்கப் போவதில்லை என்றும் சொன்னார். மகன் அந்தப் பணத்தில் தன் பங்கில் ஒரு மறுபதிப்பு வாங்கினார். அதன் கழுத்து ஓரங்களை உருட்டிக் கொடுக்கச் சொல்லி எங்களிடமே கொண்டுவந்தார், செய்து கொடுத்தோம். புதுக் கிட்டாரில் அந்த வேலையைத் தயங்காமல் செய்யலாம். பழையதுக்கு நெருங்கி வந்துவிட்டது, அதே இல்லை என்றார்.

இனி மாற்றுவது

இப்போது இப்படிப்பட்ட கிட்டார் வந்தால் முதல் நாளே வீட்டில் உள்ள எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசுகிறோம். தந்தைக்குப் பணம், மகனுக்குக் கழுத்து, வாங்குபவருக்கு நிறம் என்று மூன்று வேறு தேவைகள் இருப்பது இங்கே பாதி வழியில்தான் முழுசாகத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் ஃபிரெட் பேச்சை இவ்வளவு இழுத்திருக்க வேண்டியதில்லை.

விரல்பலகை எந்த மரம், கிட்டார் எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதை விளம்பரத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ளச் சொல்கிறோம். வெளிநாட்டு விற்பனைக்கு வாய்ப்பு இருந்தால், கிட்டார் பட்டறையில் இருக்கும் நாட்களிலேயே சான்றிதழுக்கு விண்ணப்பம் போய்விட வேண்டும். இந்தப் பெரியவருக்கு அந்த மாதங்கள் கையில் இருந்திருந்தால் கூடுதல் தொகை கிடைத்திருக்கும்.

பெயிண்டைச் சோதிக்கும் இடத்தையும் மாற்றியிருக்கிறோம். பிக்கார்டுக்கு அடியில் பார்த்தால் நல்ல செய்தி வருவது கிட்டத்தட்ட நிச்சயம், அந்த இடத்தை யாரும் அழுத்தித் தேய்ப்பதில்லை. வளைவான விளிம்பில் முதலில் பார்க்க வேண்டும், அங்கே மரம் வந்தால் பிக்கார்டு பக்கம் பிளேடு வைக்கவே தேவையில்லை. பிக்கப்பைப் பொறுத்தவரை, புதுக் கம்பி சுற்றச் சொல்லிக் கொண்டுவருபவர்களிடமும் முதலில் இரண்டு வளையங்களையும் நுண்ணோக்கியில் பார்க்க ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகே விலை சொல்கிறோம்.